இரண்டு பெட்டி வண்டிக்கு எதற்காகக் கேட்டை மூடினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட், காலை நேரம், பால் வண்டி, பனியன் கம்பெனி வேன், ஸ்கூல் பஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்க, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து வந்தது என்னவென்று பார்த்தால் ஒரு இன்ஜினும் இரண்டே இரண்டு பெட்டியும்தான். கடைசிப் பெட்டியின் பின்பக்கம் பெரிய கண்ணாடி, உள்ளே நாலைந்து பேர் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள், அதிகாரிகளின் உல்லாசப் பயணத்துக்கு ஊர் ஜனம் வெயிலில் காய வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

அந்த மாதிரி வண்டியை ஓட்டியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் ஓட்டிவிட்டு இப்போது ஈரோட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சர்வீஸில் இருந்தபோது பத்திரிகைக்கு எழுத முடியாது, இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கேட்டில் நின்றவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரில் போகும்போது கேட் விழுந்தால் நானும் திட்டத்தான் செய்கிறேன். (கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்ட இடங்களில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதே, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.) ஆனால் அந்த இரண்டு பெட்டி உல்லாசப் பயணம் போகவில்லை.

அதன் பெயர் டிராக் ரெக்கார்டிங் கார். ரயில்வேயில் டி.ஆர்.சி. என்போம். ஒரு பெட்டியில் கருவிகளும் கம்ப்யூட்டரும் இருக்கும், இன்னொன்று அதில் வேலை செய்கிறவர்கள் சமைக்க, படுக்க. லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. என்று ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இருக்கிறது, கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கிருந்து வருவார்கள், வீடு வாசலை விட்டு நாள்கணக்கில் அந்தப் பெட்டியிலேயே குடித்தனம். இன்ஜினும் டிரைவரும் மட்டும் அந்தந்தப் பகுதி ஆட்கள். பாதை தெரிந்தவன்தான் ஓட்ட முடியும், எங்கே வளைவு, எங்கே சிக்னல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எங்கே இறக்கம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வண்டி ஓட ஓட, கீழே இருக்கும் கருவிகள் பாதையை அளந்துகொண்டே வரும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடு இடைவெளி 1,676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதில் எங்கே சில மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று பார்க்கும். ஒரு பக்கம் தண்டவாளம் உட்கார்ந்துவிட்டதா, நூல் பிடித்தது போல் போக வேண்டிய பாதை எங்கேயாவது ஒதுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கும். அப்புறம் ட்விஸ்ட் என்று ஒன்று, அதுதான் பொல்லாதது. கயிற்றுக் கட்டிலில் மூன்று கால் தரையில் ஊன்றி ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் எப்படி ஆடும்? பாதை முறுக்கிக்கொண்டால் பெட்டியின் ஒரு சக்கரத்துக்கு அந்தக் கதிதான். தண்டவாளத்தை நன்றாக அழுத்தாத சக்கரம் மேலே ஏறிக் கீழே இறங்கப் பார்க்கும். வெறும் கண்ணால் பார்த்தால் இதில் பாதி தெரியாது. அதுவும் வண்டியின் பாரம் மேலே இருக்கும்போதுதான் பாதை தன் உண்மையான நிலைமையைக் காட்டும், ஆள் நடந்து போய்ப் பார்க்கும்போது சாது மாதிரி படுத்திருக்கும்.

இப்போது கேட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டி ரொம்ப மெதுவாகப் போனால் அளவு சரியாக விழாது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தத் துண்டுப் பாதை பதிவாகவில்லை என்று போய்விடும், அடுத்த முறை வண்டி வரும்வரை அந்த இடத்தைப் பற்றிக் கருவிக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த முறை என்பது நாளைக்கு இல்லை, சில மாசம் கழித்து. அதனால்தான் எந்த வண்டி எப்போது போகலாம் என்று முடிவு செய்கிற கன்ட்ரோலில் முடிந்தவரை நிற்காமல் போக வழி விடுவார்கள். கேட் மூடிப் பூட்டு விழுந்தால்தான் அந்தக் கேட்டுக்கு உரிய சிக்னல் பச்சையாகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயிலை நிறுத்த ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும், அதனால் தூரத்திலேயே எனக்குப் பச்சை தெரிய வேண்டும், மஞ்சளைக் கண்டால் அங்கேயே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடுவேன். பின்னால் இருப்பது இரண்டு பெட்டியா இருபது பெட்டியா என்று சிக்னல் சலுகை காட்டாது. ஒரு நிமிஷம் முந்தி மூடியிருக்கலாமே, இரண்டு நிமிஷம் பிந்தி மூடியிருக்கலாமே என்று கேட் கீப்பரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர் தானாக முடிவெடுத்து மூடுவதில்லை, ஸ்டேஷனிலிருந்து சொன்னதும் மூடுகிறார்.

ஓட்டுகிறவனுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று யாரும் கேட்டதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பிரஸில் நேரம்தான் எஜமான். ஐந்து நிமிஷம் லேட் என்றால் அதைப் பிடிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். டி.ஆர்.சி.யில் அந்தப் பரபரப்பே கூடாது, ஒரே சீராக ஓட்ட வேண்டும், முரட்டுத்தனமாக பிரேக் போடக்கூடாது. இடைவெளியில் வாக்கிடாக்கியில் பின்னாலிருந்து கேட்பார்கள்: 'டிரைவர் சார், இப்போ என்ன ஸ்பீடு?' சொல்வோம். காலையில் ஏறினால் சாயங்காலம்வரை இன்ஜின்தான், வீட்டிலிருந்து கொண்டுவந்த கேரியர்ச் சோற்றை அசிஸ்டெண்டும் நானும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். இன்ஜினில் கழிவறை இல்லாத காலம். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம், படிக்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்களைவிடப் பாவம் பாதைக்குப் பொறுப்பான இன்ஜினியர்கள். பி.டபிள்யூ.ஐ. என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம், இப்போது பெயர் மாறிவிட்டது. டி.ஆர்.சி. ஓடும் அன்று ஒவ்வொருவரும் தன் எல்லை ஆரம்பிக்கும்போது அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் கோடு துள்ளினால் தன் பாதையில் பழுது என்று அர்த்தம், மேலதிகாரி பக்கத்திலேயே நிற்பார். பிளஸ் டூ ரிசல்ட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கும் அப்பா முகம் மாதிரி இருக்கும். ஈங்கூர் தாண்டும்போது சென்னிமலைப் பக்கம் திரும்பி முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டதாக ஒருவர் அன்று சாயங்காலம் அவரே சொல்லிச் சிரித்தார். அவர் எல்லையில் அன்றைக்குக் கோடு துள்ளவில்லை, முருகன் பார்த்துக்கொண்டார், அதைவிட அவருடைய கேங் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் நிஜம்.

ஒரு குட்டையும் உடைத்துவிடுகிறேன். டி.ஆர்.சி. வருகிறது என்றால் சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்தே ஓடி ஓடி வேலை நடக்கும், கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. ஜல்லி கொட்டி, தூக்கி, நேர் பார்த்து, மார்க் வாங்குகிற அளவுக்குத் தயார் செய்வார்கள். ஒரு மாசம் கழித்து அதே இடத்தில் நான் எக்ஸ்பிரஸ் ஓட்டிக்கொண்டு போனால் பழையபடி தூக்கிப் போடும். ஆள் பற்றாக்குறையில் வேறு என்ன செய்வார்கள் என்று ஒரு பக்கம் தோன்றும், இருந்தாலும் அது தப்புத்தான்.

அதற்காகக் கருவி ஒன்றே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஸ்டேஷன் பக்கம் என்பது வேண்டாம். மார்கழி மாசம், விடியற்காலை நாலரை இருக்கும், சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன், பனியில் ஹெட்லைட் வெளிச்சம் பால் ஊற்றியது மாதிரி முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் இடது பக்கம் 'டக்' என்று ஒரு வெட்டு. பெரிதாக ஒன்றுமில்லை, பேசிக்கொண்டிருந்தால் நாக்கைக் கடித்திருப்பேன், அவ்வளவுதான். அசிஸ்டெண்ட் தம்பி திரும்பிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, அது என்னங்க?" என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்றால் என் பிரமை இல்லை. ஓரத்து மின்கம்பத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னேன். சொல்லும்போதே கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் இப்படிச் சொன்னால் பின்னால் வருகிற வண்டியை அப்படியே விட மாட்டார்கள், நிறுத்தி, பாதை பார்க்கும் ஆளை வைத்துப் பார்த்து, அப்புறம் ஊர்ந்துதான் போக விடுவார்கள், காலை நேரத்தில் எல்லா வண்டியும் லேட்டாகும், ஒன்றும் இல்லை என்று முடிந்தால் 'அந்த டிரைவருக்கு வேற வேலை இல்ல' என்பார்கள். போய்ப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்து உருக்கி ஒட்டிய வெல்டிங் விட்டுப்போய், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. உடனே இரண்டு பக்கமும் பட்டை வைத்து கிளாம்ப் போட்டு, வண்டிகளை நத்தை மாதிரி அனுப்பி, அப்புறம் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டார்கள்.

அதே இடத்தை டி.ஆர்.சி. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கடந்து போயிருந்தது. ஓட்டியதும் நானேதான். அன்றைக்கு அங்கே ஒரு குறையும் காட்டவில்லை. கருவி பொய் சொல்லவில்லை, பாதை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை, இரும்புக்குள்ளே விரிசல் ஓடுவது அதற்குத் தெரியாது. பகல் வெயிலில் நீண்டு, விடியற்காலைக் குளிரில் சுருங்கும் இரும்பு, பலவீனமான வெல்டிங்கை இழுத்துப் பிய்த்துவிடும். அதனால்தான் குளிர் காலத்தில் விடியற்காலை ரோந்து என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்விரிசலைப் பார்க்க வேறு கருவி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட். சின்னத் தள்ளுவண்டி மாதிரி தண்டவாளத்தின் மேல் வைத்து நடந்தபடியே தள்ளிக்கொண்டு போவார்கள், ஒலி உள்ளே இறங்குவதற்காகக் கேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். உடனே மாற்ற வேண்டியது என்றால் தண்டவாளத்தில் சிவப்பு பெயிண்டில் மூன்று பெருக்கல் குறி, கவனித்துக்கொள்ள வேண்டியது என்றால் ஒன்று. ஸ்டேஷனில் நிற்கும்போது பார்த்திருப்பீர்கள், யாரோ பொழுதுபோகாமல் கிறுக்கியது என்று நினைத்திருப்பீர்கள்.

இத்தனை கருவிக்கும் மேலே கீமேன், பாதையை நடந்தே பார்த்துவரும் தொழிலாளி. தோளில் சுத்தியல், ஸ்பேனர், கையில் கொடி, பையில் ஆபத்து என்றால் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு, இதோடு தினமும் ஆறேழு கிலோமீட்டர் நடப்பார். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டைதான் ஸ்லீப்பர், தண்டவாளத்தை அதோடு பிடித்து வைப்பது கிளிப்; ஒரு கிலோமீட்டர் பாதைக்கு 1,660 ஸ்லீப்பர், ஒரு ஸ்லீப்பருக்கு நாலு கிளிப், ஆறு கிலோமீட்டர் இரட்டைப் பாதை என்று கணக்குப் போட்டால் 80,000 கிளிப்புக்குப் பக்கமாக வருகிறது. தளர்ந்த கிளிப்பைத் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார்கள். எனக்குப் பழக்கமான ஒரு கீமேன் வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கிக் கொடி காட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார், அவர் எல்லையில் எங்கேயாவது தூக்கிப் போட்டிருந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவேன், தலையாட்டுவார். பல வருஷம் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஒருநாள் ஸ்டேஷனில் நேருக்கு நேர் பார்த்தபோது, "ஏனுங்க சார், நேத்து பாலத்துக்கு அந்தப் பக்கம் சரியாப் போச்சுங்களா?" என்று கேட்டார், நல்லாயிருந்தது என்றேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துப் பாதையில் ஒரு ரயில் போகும் இரைச்சலில் இந்தப் பாதையில் வருகிற ரயில் சத்தம் கேட்காமல் உயிரை விட்ட டிராக்மேன்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி உங்கள் பத்திரிகையில் நாலு வரி வரும், சில சமயம் அதுவும் வராது.

வெயில் காலத்தில் வேறு கதை. கரூர்ப் பக்கம், கொடுமுடி தாண்டிப் புகளூர் போகும்போது, காற்றே 40 டிகிரி என்றால் தண்டவாளம் 60ஐத் தொடும். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தைக் கட்டிப் போடாமல் சும்மா விட்டால், 40 டிகிரி சூடு ஏறும்போது கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளும். நீள விடாமல் ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து அமுக்கிப் பிடித்திருக்கின்றன. ஜல்லி குறைந்தாலோ, வெயில் நேரத்தில் தெரியாத்தனமாகப் பாதையைத் தோண்டினாலோ, அமுக்கி வைத்த சூடெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கிப் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அதனால் உச்சி வெயிலில் வீட்டில் எல்லோரும் ஃபேன் போட்டுப் படுத்திருக்கும்போது பாதையில் ஆள் நடந்துகொண்டிருப்பார்.

மேட்டுப்பாளையம் ஊட்டி மலைப் பாதையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் அதில் ஓட்டியதில்லை, எங்கள் டி.ஆர்.சி.யும் அங்கே ஏற முடியாது, அது மீட்டர்கேஜ், கல்லாறிலிருந்து குன்னூர்வரை நடுவில் இன்ஜினின் பல்சக்கரம் மாட்டி ஏறுவதற்கான பல் பாதை வேறு. மழையில் பாறை உருண்டு மலை ரயில் ரத்து என்று செய்தி வந்தால் அதைப் போய்ப் பார்த்துச் சொன்னவர்களும் காலால் நடந்தவர்கள்தான்.

இதையெல்லாம் எழுதக் காரணம் கேட் மட்டும் இல்லை. 1862இல் போத்தனூர்வரை ரயில் வந்துவிட்ட பாதை இது, இன்றைக்கு நாம் வேகம் கேட்கிறோம். 2023 ஏப்ரலில் கோவைக்கு வந்தே பாரத் வந்தபோது ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போட்டோ எடுத்தோம், சென்னைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போகிறது, நானும் ஒரு தடவை போனேன், பயணியாக உட்கார்ந்துகொண்டு காலடியில் பாதை எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே போனதில் கொடுத்த சாப்பாட்டை ருசிக்கவில்லை. அதே நாம்தான் 'பராமரிப்புப் பணி காரணமாக ரயில் சேவையில் மாற்றம்' என்று செய்தி வந்தால் கொதிக்கிறோம். வேகம் கூடக் கூட ஒரு மில்லிமீட்டர் பழுதுக்கும் மரியாதை கூடும். பழுதைக் கண்டுபிடிக்க டி.ஆர்.சி. ஓட வேண்டும், கண்டதைச் சரி செய்ய பிளாக் வேண்டும், அதாவது சில மணி நேரம் அந்தப் பாதையில் ஒரு ரயிலும் வரக்கூடாது. டாம்பிங் மிஷின் பாதையைத் தூக்கிப் பிடித்து, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி அதிர்வு கொடுத்து ஸ்லீப்பருக்கு அடியில் கெட்டிப்படுத்துகிறது, ரயில் ஓடும்போது அதைச் செய்ய முடியுமா? நான் சர்வீஸில் இருந்தபோது மூன்று மணி நேர பிளாக் என்று பேப்பரில் இருக்கும், கொடுப்பது இரண்டு, அதிலும் மிஷின் ஸ்டேஷனிலிருந்து இடத்துக்குப் போய்த் திரும்ப அரை மணி போய்விடும். ஒரு வண்டியையும் லேட் செய்யக் கூடாது என்கிற நெருக்கடி. அந்த நெருக்கடியில் நம் கோபத்துக்கும் பங்கு உண்டு.

தப்பு ஜனங்கள் மேல் மட்டும் என்று சொல்ல வரவில்லை. 'இன்று இந்த வழியில் பாதை சோதனை ரயில் போகிறது' என்று கேட் பக்கத்தில் ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகும்? நாங்கள் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டோம், அவர்களாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எப்படி? உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'பராமரிப்புப் பணி' என்று மொட்டையாகப் போடாமல் என்ன பணி என்று கேட்டுப் போடுங்கள். தண்டவாளம் மாற்றுகிறார்களா, பாலத்தில் கர்டர் வேலையா, டாம்பிங்கா? எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில்? பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறவருக்கு அதையாவது சொல்லுங்கள்.

அப்புறம் கல். ஒரு முறை, ஊர் வேண்டாம், ஒரு ஸ்டேஷனை நெருங்கும்போது யாரோ எறிந்த கல் பின்பெட்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டது. வடக்கிலிருந்து வந்த டெக்னீஷியன் பையனுக்கு நெற்றியில் ஐந்து தையல். அன்றைக்கு ஓட்டம் அங்கேயே நின்றது, மிச்சப் பாதை பதிவாகவில்லை. கல் எறிந்தவர் தினமும் ஏறி இறங்குகிற ஸ்டேஷனும் அந்த மிச்சத்தில்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில் டிரைவர்,
ஈரோடு.

பின்குறிப்பு: உள்ளே இருந்தவர்கள் டீ குடித்தார்கள் என்று அந்த வாசகர் எழுதியது உண்மைதான், அந்தப் பெட்டியில் நல்ல இஞ்சி டீ போடுவார்கள். இன்ஜினுக்கு மட்டும் வந்து சேராது.